சொல்லும் ஓர் அமானிதமே

ஒரு சொல்லை அறிந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு எப்போது வருகிறது? அதன் எழுத்துக்களைப் பிழையின்றி எழுதும்போதா? அதற்கு ஈடான மற்றொரு சொல்லை ஒப்புவிக்கும்போதா? அன்றி, அது சுட்டும் பொருள் நம் உள்ளத்தில் தைக்கும்போதா? இவ்வினாவை நம்முள் எழுப்பியவன் நம் தமக்கையின் மகன்.

மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்வதற்கான தேர்வுக்கு அவன் ஆயத்தமாகி வருகிறான். மக்ரிப் தொழுகை முடிந்ததும், அரிய ஆங்கிலச் சொற்கள் அடங்கிய நூலொன்றை விரித்துக்கொண்டு அமர்வான். இடப்புறம் சொல், வலப்புறம் பொருள். நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் என்பது அவன் வகுத்துக்கொண்ட கணக்கு. ஒருநாள் அவன் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். "பரையா: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவினான். "சற்று நில், தம்பி. அச்சொல் எம்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று?" என்று கேட்டோம். "இலத்தீனாக இருக்கும், மாமா" என்றான்.

இலத்தீன் அன்று, தமிழ். பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடைய ஒரு மக்கட் பெயர், 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்து, நாளடைவில் விலக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல் ஆகிவிட்டது. நம் மண்ணில் மனிதர் மனிதர்க்கு இழைத்த அநீதி, கடல் கடந்து ஓர் அகராதிச் சொல்லாகி, நம் வீட்டுப் பிள்ளைக்கே மதிப்பெண்ணுக்குரிய பாடமாகத் திரும்பி வந்திருக்கிறது. அவனுடைய உற்ற தோழன் ஒருவன் அம்மக்களைச் சார்ந்தவன். பிள்ளை நூலை மூடிவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தான்.

தமிழில் சொல்லின் கருத்துக்கும் பொருள் என்றே பெயர். செல்வத்துக்கும் பொருள் என்றே பெயர். அரபியில் கருத்தை 'மஃனா' என்கிறோம். அதன் வேர், நாடுதல், கருதுதல் என்னும் எண்ணத்தில் நிற்கிறது. செயலுக்கு நிய்யத் எப்படியோ, சொல்லுக்கு மஃனா அப்படி. நிய்யத் இல்லாத வணக்கம் வெறும் உடலசைவு ஆவதுபோல, மஃனா இல்லாத சொல் வெறும் நாவசைவாகிவிடும்.

ஆங்கிலத்தில் அரிய சொற்கள் இத்துணை மிகுந்தது எவ்வாறு? 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையும் உயர்குடியும் பிரெஞ்சு பேசின. குடியானவன் தன் பழைய மொழியைப் பேசினான். அவன் மேய்த்த ஆட்டுக்கு 'ஷீப்' என்று பெயர். அதே ஆடு பிரபுவின் உணவு மேசைக்குப் போனபோது 'மட்டன்' ஆயிற்று. பின்னர் இலத்தீனும் கிரேக்கமும் கற்றோர் வழியாக வந்து குவிந்தன. ஆக, எளிய சொல் உழவனிடமும் அரிய சொல் அதிகாரத்திடமும் புலமையிடமும் இருந்தன. கடினச் சொல்லைக் கண்டதும் நம்மவர்க்கு உண்டாகும் மயக்கத்தில் அந்தப் பழைய மேசையின் நிழல் இன்னும் படிந்திருக்கிறது.

பொருளை விட்டு ஒலியை மட்டும் எடுப்பதால் விளைவது என்ன? 1886ஆம் ஆண்டில் ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்னும் இருவரின் அகராதி ஒன்று வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இந்திய வழக்குகளிலிருந்து ஆங்கிலத்தில் கலந்த சொற்களைத் தொகுத்த அரிய நூல் அது. அதன் பெயரோ 'ஹாப்ஸன் ஜாப்ஸன்'. முஹர்ரம் ஊர்வலத்தில் "யா ஹஸன், யா ஹுஸைன்" என்று நெஞ்சு வெடிக்க எழுந்த புலம்பல், ஆங்கிலச் சிப்பாய்களின் செவியில் அவ்வாறு விழுந்தது! கர்பலாவின் துயரம் ஒரு வேடிக்கைப் பெயராயிற்று. ஒலி போய்ச் சேர்ந்தது. பொருள் வழியிலேயே விழுந்துவிட்டது.

அச்சிப்பாய்களைக் குறை கூறுமுன் நம்மை நாமே பார்த்துக்கொள்வோம். மத்ரஸாவில் ஸனது பெற்று வெளிவந்த புதிதில், மய்யித்து விழுந்த வீடொன்றில் பொறுமையைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டோம். அரபிச் சொற்களை அடுக்கி நெடுநேரம் முழங்கினோம். முடிவில், மகனைப் பறிகொடுத்த மூதாட்டி திரைக்கு அப்பாலிருந்து, "நல்லாப் பேசுனீங்க தம்பி. என் புள்ளையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார். 'ஸப்ர்' என்னும் சொல்லின் வடிவங்கள் அனைத்தையும் அறிந்திருந்தோம். பொறுமைக்காகத் தவித்த உள்ளத்தை அறிந்திலோம். ஆண்டுகள் பல சென்றும் அந்தக் குரல் நம்மை விட்டு அகலவில்லை.

நம் பிழை இளமையின் செருக்கால் நேர்ந்தது. அறிந்தே செய்யும் பிழையும் உண்டு. 1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போர்ச் செய்திகளில் 'கொலாட்டரல் டேமேஜ்' என்னும் தொடர் அடிக்கடி ஒலித்தது. பக்கத்தில் நேர்ந்த சேதம் என்பது அதன் நேர்ப்பொருள். போரிடாத மக்கள் குண்டுக்கு இரையாவதே அதன் உண்மைப் பொருள். எளிய சொல்லில் கூறினால் கேட்பவன் நடுங்குவான். அரிய சொல்லில் கூறினால் தலையசைத்துவிட்டுப் போவான். சொல் இங்கே கஃபனாகி உண்மையை மூடுகிறது.

அப்படியானால் அரிய சொற்களைக் கற்கவே வேண்டாமா? கற்கத்தான் வேண்டும். ஆதம் நபிக்கு அல்லாஹ் பெயர்களைக் கற்பித்தான் என்று திருமறை கூறக் கற்றவர்கள் நாம். ஆனால், மத்ரஸாவில் வேர் பிடித்துச் சொல் கற்பதுபோல் கற்க வேண்டும். க, த, ப என்னும் மூன்றெழுத்து வேரை அறிந்தவனுக்குக் கிதாபும் காதிபும் மக்தபும் தாமே விளங்கும். அவ்வாறே 'மேக்னானிமஸ்' என்பதைப் பிரித்தால், இலத்தீனில் 'மேக்னஸ்' பெரியது, 'அனிமஸ்' உள்ளம். பேருள்ளம் உடைமை! பழிவாங்கும் ஆற்றல் இருந்தும் மன்னிப்பவனை நினைத்துக்கொண்டு அச்சொல்லைப் படித்தால், அது மறக்குமா? நாம் மன்னிக்காதவரின் முகமும் கூடவே தோன்றுமன்றோ? அங்கேதான் சொல் நம்மிடம் கணக்குக் கேட்கத் தொடங்குகிறது.

ஒவ்வொரு சொல்லும் முன்னோர் பலரின் உழைப்பும் மகிழ்ச்சியும் கண்ணீரும் ஏந்தி நம் கைக்கு வந்து சேர்ந்த அமானிதம். அதனை அணிகலனாக்கிப் பிறரைச் சிறுமைப்படுத்துவதும், திரையாக்கி உண்மையை மறைப்பதும் அமானித மோசடியே.

அன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளை மெல்லக் கேட்டான்: "தேர்வில் அந்தச் சொல் வந்தால் என்ன எழுதட்டும், மாமா?"

"நூலில் உள்ள விடையையே எழுது. அறியாமை நமக்குப் பெருமை அன்று. ஆனால் உன் நாவு எந்த மனிதன்மீதும் அச்சொல்லை எறியாதிருக்கட்டும்" என்றோம்.

அவன் நூலைத் திறந்து, அச்சொல்லின் அருகே பென்சிலால் சிறு கோடொன்று இட்டுக்கொண்டான். அன்று ஐம்பது சொற்கள் முடியவில்லை. ஒரு சொல்லை அவன் கற்றிருந்தான்.