மூச்சும் காலக்கெடுவும்

சுவிற்சர்லாந்தின் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் 1965இல் பயிலுநராகச் சேர்ந்த ஒருவர், எழுபதுகளின் இறுதிவரை அஸ்பெஸ்ரஸ் தூசுக்குள் வேலைசெய்தார். 2004இல் அவருக்கு நுரையீரல் உறையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். 2005இல் வழக்குப் போட்டார். அந்த ஆண்டே இறந்தும் போனார். குடும்பத்தினர் தொடர்ந்து நடத்திய வழக்குக்கு சுவிஸ் நீதிமன்றங்கள் சொன்ன பதில், பத்தாண்டுக் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்பதுதான். கெடுவை எண்ணத் தொடங்குவது நோய் தெரிந்த நாளிலிருந்தல்ல, தூசு உள்ளே போன நாளிலிருந்து. அதாவது 1978இல் நடந்ததற்கு 1988க்குள் அவர் நீதிமன்றம் போயிருக்க வேண்டும். 1988இல் அந்த மனிதர் நல்ல சுகதேகி.

2014இல் ஸ்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. ஹோவால்ட் மோர் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பின் சாரம் இது: தனக்கு நோய் இருப்பதை அறிய விஞ்ஞானரீதியாகவே வழியில்லாத ஒருவரிடம் அந்தக் காலத்தையும் சேர்த்து எண்ணுவது, நீதிமன்றத்தின் கதவை அவர் முகத்தில் அடைப்பதற்குச் சமன். பிறகு சுவிஸ் அரசு சட்டத்தைத் திருத்தியது. உடலுக்கு நேரும் சேதங்களுக்கான கெடு 2020 முதல் இருபது ஆண்டுகள். மெசோதீலியோமா எனப்படும் இந்தப் புற்றுநோயோ வெளிப்படுவதற்கு இருபதிலிருந்து ஐம்பது ஆண்டுகள் வரை எடுக்கிறது, பெரும்பாலும் முப்பதுக்கு மேல். இருபது என்ற இலக்கத்தை எந்த வாய்ப்பாட்டில் எடுத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

காலக்கெடு என்பதை முதலாளிமாரின் தந்திரம் என்று சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. சாட்சிகள் இறந்துபோகிறார்கள். பத்திரங்கள் தொலைகின்றன. முப்பது வயதில் ஒரு முடிவை எடுத்தவனை எண்பது வயதில் கூண்டில் ஏற்றினால் அவனுக்கே தான் செய்தது நினைவிருக்காது. ஒரு சமூகம் தன் கணக்குகளை எங்காவது ஓரிடத்தில் மூடத்தான் வேண்டும். மூன்று தலைமுறையாக இழுபட்ட எல்லைவேலி வழக்குகளைக் கண்ட யாழ்ப்பாணத்தவருக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். ஆனால் இந்த நியாயம் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. உரிமையுள்ளவன் தன் உரிமையை அறிந்திருந்தும் சும்மா இருந்தான் என்பதே அது. வேலிக்காரன் வேலி நகர்ந்ததைக் காலையில் எழும்பியதும் பார்க்கிறான். தூசு சுவாசித்தவன் எதைப் பார்ப்பான்?

சரி, அவன் முன்கூட்டியே வந்தால் சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் அப்படியும் சிலர் போய்ப் பார்த்தார்கள். அவர்களுடைய நுரையீரல் உறையில் அஸ்பெஸ்ரஸ் ஏற்படுத்திய தடிப்புகள் எக்ஸ்ரேயில் தெரிந்தன. வலி இல்லை, இளைப்பு இல்லை. ஆனால் நார் உள்ளே இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. நாளை என்ன வருமோ என்ற பயத்தில் ஒருவர் மனச்சோர்வு நோயாளியாகவே ஆகிவிட்டிருந்தார். 2007இல் பிரபுக்கள் சபை இவர்களுக்கு நட்டஈடு இல்லை என்றது. அறிகுறி இல்லாத தடிப்பு சேதம் ஆகாது, வரக்கூடிய நோயை நினைத்துப் பயப்படுவதும் சேதம் ஆகாது. (ஸ்கொட்லாந்து 2009இல் தனிச்சட்டம் கொண்டுவந்து தன் எல்லைக்குள் இதை மாற்றிக்கொண்டது.) ஆக, முந்தி வந்தால் உனக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. பிந்தி வந்தால் நடந்தது பழங்கதை. இரண்டுக்கும் இடையில் சரியான நாள் என்று ஒன்று எந்தக் கலண்டரிலும் இல்லை.

அஸ்பெஸ்ரஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர்தான். கல்லாக இருந்துகொண்டே நாராகப் பிரிவது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய நார்கள் மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. உடலின் துப்புரவுக் கலங்கள் அவற்றை விழுங்கப் பார்க்கின்றன, முடிவதில்லை. அந்த இடத்தில் மூளும் அழற்சி ஆண்டுக்கணக்காக ஆறாமல் இருந்து கலங்களைக் கெடுக்கிறது. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள் எங்கள் முதியவர்கள். இது நின்றுதான் கொல்கிறது. ஆனால் தெய்வத்தைப் போல் குற்றவாளியைத் தேடிப் போவதில்லை.

அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் றொச்டேலில் அஸ்பெஸ்ரஸ் நூல் நூற்ற நெல்லி கேர்ஷோ என்ற பெண் 1924இல் 33 வயதில் இறந்தபோது, அவரது நுரையீரலைப் பரிசோதித்த மருத்துவர் காரணத்தை எழுதிவைத்தார். கம்பனி பொறுப்பேற்க மறுத்தது. 1930இல் அரசாங்கத்துக்கு அளிக்கப்பட்ட மெரிவெதர் அறிக்கை, பரிசோதித்த 363 தொழிலாளர்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினருக்கு நுரையீரலில் தழும்பு என்றது. 1955இல் றிச்சர்ட் டோல் நுரையீரல் புற்றுநோயுடனான தொடர்பை நிறுவினார். 1960இல் தென்னாபிரிக்காவிலிருந்து வாக்னரும் தோழர்களும் 33 மெசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், அதன் அயலில் வாழ்ந்தவர்கள் மட்டுமே. முன்சொன்ன சுவிஸ் தொழிலாளி வேலைக்குச் சேர்ந்தது இதற்கு ஐந்து ஆண்டுகள் பின்னால். சுவிஸ் அஸ்பெஸ்ரஸைத் தடைசெய்தது 1989இல். பிரித்தானியா கடைசி வகையையும் தடைசெய்தது 1999இல்.

என் வாதம் இதுதான். குற்றம் நோயில் தொடங்குவதில்லை. தெரிந்தவன் தெரியாதவனைத் தூசுக்குள் அனுப்பிய அன்றே அது முழுமையாக நடந்து முடிந்துவிடுகிறது. பத்துப் பேரை அனுப்பி ஒருவன் மட்டும் செத்தால், மற்ற ஒன்பது பேருக்கும் அநீதி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதிர்ஷ்டத்தால் தப்பியவன் நியாயமாக நடத்தப்பட்டவன் ஆகிவிட மாட்டான்.

இதற்கு எதிராக என் நண்பர் ஒருவர் என்னிடமே வாதாடியிருக்கிறார். அகதியாக வந்த புதிதில் சூரிச் பக்கம் பழைய வீடுகளின் தரைவிரிப்புகளைக் கிழித்தெடுத்து, ரைல்ஸ் பசையைச் சுரண்டுவது அவரது வேலை. 1990க்கு முந்திய கட்டடங்களில் இந்த இரண்டிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். முகத்தில் கட்டியது வீட்டிலிருந்து கொண்டுபோன லேஞ்சி. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நான் இதைப் பற்றிக் கதைத்தபோது, “இப்ப தெரிஞ்சு என்ன அண்ணை செய்யிறது? சொல்லாமலே விட்டிருக்கலாம்” என்றார். அவர் சொன்னதில் ஒரு ஞானம் இருப்பதாகத்தான் அப்போது பட்டது. ஆனால் அவர் அன்றுதொட்டு நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைத்துவந்தவர். புகையும் அஸ்பெஸ்ரஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பலமடங்காகிறது. செலிக்கொஃப் அமெரிக்கத் தொழிலாளர்களிடம் இதைக் காட்டியது 1968இல். மெசோதீலியோமாவுக்குப் புகையுடன் தொடர்பில்லை, உண்மைதான். ஆனால் மற்றப் புற்றுநோயின் ஆபத்தை, சிகரெட்டை விட்டு அவர் குறைத்திருக்க முடியும். முப்பது வருடம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது அந்தத் தெரிவு. நோய் வந்தாலும் வராவிட்டாலும் அது பறிக்கப்பட்டதுதான்.

பிரெஞ்சு உயர்நீதிமன்றம் 2010இல் இந்த இடத்துக்கு ஓரளவு கிட்ட வந்தது. நோயில்லாத அஸ்பெஸ்ரஸ் தொழிலாளியின் பதற்றத்தையே ஒரு சேதமாக அங்கீகரித்தது. 2019இல் அதை இன்னும் பலருக்கு விரித்தது. பயத்துக்கு விலைபோடுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு இங்கிலாந்தின் தீர்ப்பைவிட இதுவே நேர்மையாகப் படுகிறது.

ஐரோப்பா இப்படிப் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் விட்டுவந்த நாடு புதிய கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறது. இலங்கை 2018 முதல் அஸ்பெஸ்ரஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்ரஸ் உற்பத்தியில் உலகில் முன்னணியிலிருக்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாட்டைக் கைவிட்டது, தேயிலை திரும்பவும் கப்பலேறியது. இதில் தெரியாமல் நடந்தது என்று ஒன்றும் இல்லை. அன்று இறங்கிய சீற்றை முகமூடியில்லாமல் அறுத்து, துளைபோட்டு, கூரையில் ஏற்றிய இருபது வயதுப் பொடியனுக்கு நோய் வருவதென்றால் அது 2050ஐ அண்டி வரும். எந்த நீதிமன்றத்தில், யாருடைய பெயரைச் சொல்லி அவன் வழக்குப் போடுவான்?