அடுப்பில்லாத அறை

எழுத்து முகாம் என்றால் பக்கத்தில் கடலோ மலையோ இருந்தே ஆகவேண்டும் என்று யார் முடிவு செய்தார்களோ. தஞ்சாவூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் முகாம் என்று அழைப்பு வந்தால் பத்துப் பேர் தேறமாட்டார்கள். கோவளத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் தாண்டி, கடலைப் பார்த்த வீடு என்று போட்டால் இடம் கிடைக்காமல் சிபாரிசு பிடிக்கிறார்கள். நானும் அப்படி ஓர் அழைப்பைப் பார்த்து மயங்கிப் போனவள்தான். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி, பாறசாலை, நெய்யாற்றின்கரை கடந்து, பாலராமபுரத்தில் இறங்கி, கடலைப் பார்க்கத் திரும்பும் சாலையில் ஆட்டோ பிடித்தேன். வீட்டில் சொன்ன காரணம்: பாதியில் நிற்கிற நாவலை முடிக்கவேண்டும்.

வீடு செம்பாறை மேட்டின்மேல் இருந்தது. சுற்றிலும் தென்னை. கீழே இறங்கினால் அடிமலைத்துறையின் மணல். வடக்கே பார்த்தால் விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் வானத்தில் நின்றன. அழைப்பிதழில் இருந்த படத்தில் அந்தக் கிரேன்கள் இல்லை. தென் பக்கம் திரும்பி எடுத்திருப்பார்கள்.

முதல் நாள் மாலை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஏன் வந்தோம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றார்கள். ஒருவர் அலையோசை என்றார். ஒருவர் தனிமை என்றார். அடிவானத்தைப் பார்த்தால் வாக்கியம் நீளும் என்றார் ஒரு கவிஞர், அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூணு வேளையும் யாரோ ஒருத்தர் தட்டு வெச்சுட்டு சாப்பிட வாங்கன்னு கூப்பிடுவாங்கல்ல? அதுக்குத்தான் வந்தேன்." எல்லோரும் சிரித்தோம். பெண்கள் சிரித்த விதம் வேறு.

அன்றிரவு படுத்தபிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வீட்டு வேலையில் நேரம் போவது பெரிய விஷயமில்லை. சோறு வடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? நேரத்தைவிட அதிகமாக மனசைத் தின்பது ஞாபகம். உளுந்து நனையப் போட்டாயிற்றா, கேஸ் புக் பண்ணியாயிற்றா, மாமியாரின் பிரஷர் மாத்திரை நாளையோடு தீருகிறதே, சனிக்கிழமை வீட்டுக்கு யார் வருகிறார்கள்? காலையில் கண் விழித்ததிலிருந்து மனசின் ஓர் ஓரத்தில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கதையில் ஒரு பாத்திரம் கதவைத் திறந்து உள்ளே வருகிற நேரத்தில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். திரும்பி வந்து பார்த்தால் கதவு சாத்தியிருக்கும். முகாமில் என்னிடமிருந்து கழன்று போனது இந்தக் கணக்குத்தான். விடியற்காலையில் பழக்கதோஷத்தில் முழிப்பு வந்தது, செய்ய ஒன்றுமில்லை. கடல் இருந்தது, சரி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே செங்கல்சூளை இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் எழுதியிருப்பேன்.

நம் மொழியில் பெரிய ஆண் எழுத்தாளர்கள் பலருக்கு அவரவர் வீடே இப்படிப்பட்ட முகாமாக இருந்திருக்கிறது. எழுதுகிற நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. காப்பி மட்டும் சத்தமில்லாமல் மேஜைக்கு வரும். எழுத்தாளரின் மனைவி எழுதிய நினைவுக் குறிப்புகளைப் புரட்டினால் இந்தக் காட்சி அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் பெருமிதத்தோடு.

கலைஞர்களுக்கான தங்குமிடங்களில் பழமையானதும் புகழ்பெற்றதுமான ஒன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறது. பெயர் மேக்டவல், தொடங்கியது 1907இல். எட்வர்ட் மேக்டவல் என்ற இசையமைப்பாளருக்காக அவர் மனைவி மேரியன் காட்டுக்குள் ஒரு மரக்குடில் கட்டிக்கொடுத்தார். அவர் உள்ளே இசையமைப்பார். இவர் மதியச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஏற்பாடே பிறகு நிறுவனமாக வளர்ந்தது. இன்றும் அங்கே போகிற எழுத்தாளரின் குடில் வாசலுக்கு மதியம் ஒரு கூடையில் சாப்பாடு வரும், கதவைத் தட்டாமல். தங்கி வந்தவர்கள் காட்டைப் பற்றிப் பேசுவதற்குக் குறையாமல் அந்தக் கூடையைப் பற்றிப் பேசுகிறார்கள். மேரியனும் நல்ல பியானோ கலைஞர். கணவர் 1908இல் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய் வாசித்துத்தான் அந்த இடத்துக்கு நிதி திரட்டினார். அவருக்கு யார் கூடை வைத்தார்கள் என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

பெண் எழுதுவதற்குப் பூட்டுப்போட்ட ஓர் அறையும் வருஷத்துக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். சரியான கணக்குத்தான். ஆனால் அவர் வீட்டுச் சமையலறையில் நெல்லி பாக்சால் என்று ஒரு பெண் இருந்தார், 1916 முதல் 1934 வரை. இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. வுல்ஃபின் நாட்குறிப்புகளில் அந்தச் சண்டை பக்கம் பக்கமாக இருக்கிறது. அறைக்கும் பணத்துக்கும் அடுத்த மூன்றாவது செலவு நெல்லி. அந்தப் புகழ்பெற்ற கணக்கில் அவர் இல்லை.

எங்கள் முகாமிலும் ஒரு நெல்லி இருந்தார். பக்கத்து ஊர்க்காரர். விடியும் முன்னே வந்து, புட்டும் கடலையும் முடித்து, மதியத்துக்குச் சோறும் மீன்கறியும், இரவுக்குக் கஞ்சியும் பயறும் வைத்துவிட்டுப் போவார். அவருக்கு நாங்கள் எல்லோரும் டீச்சர். எங்களுக்கு அவர் சேச்சி. அந்தப் பக்கத்து மலையாளத்தில் பாதி நம் கன்னியாகுமரிப் பேச்சு, அதனால் பேசுவதில் கஷ்டமில்லை. ஒருநாள் கட்டன் சாயா கொண்டுவந்தவர் கேட்டார்: "டீச்சரே, எழுதணும்னா வீட்டுல இருந்து எழுதக் கூடாதா?"

"வீட்டுல உங்களமாதிரி ஒருத்தர் இல்லியே சேச்சி."

"என் வீட்டுலயும் இல்ல டீச்சரே" என்று சிரித்தார். "பத்தாம் கிளாஸ்ல படிக்கிற மகளாக்கும் இப்போ அங்க சோறு வைக்கியது."

நான் ஜன்னலோரம் எழுதிய பக்கங்களின் விலையில் அந்தப் பெண்ணின் படிப்பு நேரமும் சேர்ந்திருக்கிறது. அதற்காக நான் எழுதாமல் இருந்துவிடவும் இல்லை.

கடல் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் கீழே கரைமடி இழுத்தார்கள். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வந்து, கம்பா என்கிற வலைக்கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையில் நின்று இழுக்கிற வேலை. மணிக்கணக்கில் நடக்கும். கடைசியில் மடி கரைக்கு வரும்போது, சில நாள் நெத்திலியும் சாளையும், சில நாள் வெறும் பிளாஸ்டிக். பெண்கள் அலுமினியச் சருவத்தோடு ஏலத்துக்குக் காத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். மாலையில் அதைப்பற்றி இரண்டு கவிதைகள் வாசிக்கப்பட்டன. இரண்டிலும் வலை இழுப்பவர்கள் வாழ்க்கைக்கு உருவகமாக இருந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் எங்கள் மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறையிலும் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. 2018 கேரள வெள்ளத்தில் இதே கரைக்காரர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் உள்நாட்டு ஜனங்களைக் கூரைமேலிருந்து இறக்கினார்கள். 2022இல் கரை அரிப்பை எதிர்த்துத் துறைமுக வாசலில் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். அவர்களுக்கு இது வேலை பார்க்கிற இடம். வேறொருவர் வேலை பார்க்கிற இடத்தில் பாயை விரித்து நாம் அமைதி தேடுகிறோம்.

கடலை எழுதக் கடலோரம் அறையெடுக்கவேண்டும் என்பதும் இல்லை. மலையாள நாவலாசிரியர் தகழி குட்டநாட்டின் வயல்காரர், அம்பலப்புழையில் வக்கீல். கடற்புறத்து ஆட்கள் வழக்கோடு அவரிடம் வந்து போனார்கள். 1956இல் வந்த 'செம்மீன்' அலையைப் பார்த்து உட்கார்ந்து எழுதியதல்ல; பல வருஷம் காதில் சேர்ந்தது. (அதைத் தமிழுக்குத் தந்தவர் எங்கள் ஊர் சுந்தர ராமசாமி.) ராஜம் கிருஷ்ணன் 'அலைவாய்க்கரையில்' எழுத மீனவர் ஊர்களுக்குப் போனார். போனது ஓய்வுக்கு அல்ல. குடிசைத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள. இடமாற்றம் தோறும் கணவரோடு புது ஊருக்குப் போய், அங்கே குடும்பமும் நடத்திக்கொண்டு, அந்த ஊரையே நாவலாக்கியவர் அவர். அந்தத் தெம்பு எனக்கு இல்லை.

திருவனந்தபுரத்துத் தமிழ் எழுத்தாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அந்தத் தெருவே அவர் கதைகளாயிற்று. நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர். அந்த வேலைக்கு நடுவேதான் 'தலைமுறைக'ளும் 'பள்ளிகொண்டபுர'மும். நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினார்; தனி ஆள். சங்குமுகம் கடற்கரை இவர்கள் எல்லோருக்குமே எட்டிவிடுகிற தூரம். கடலோரம் போய்த் தங்கி எழுதினார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. மூவருமே ஆண்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதே ஊரில் கே. சரஸ்வதியம்மா என்று ஒரு மலையாள எழுத்தாளர் இருந்தார், 1919இல் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசாங்கத் தணிக்கைத் துறையில் வேலை, சொந்தச் சம்பளம், சொந்தமாகக் கட்டிய வீடு. வுல்ஃப் கேட்டது எல்லாமே அவரிடம் இருந்தது. சிறுகதைகள் நிறைய எழுதினார். 1958இல் 'புருஷன்மாரில்லாத்த லோகம்' என்ற கட்டுரைத் தொகுப்பும் வந்தது. ஆணை வெறுப்பவள் என்று முத்திரை குத்தினார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எழுத்து நின்றுபோனது. 1975இல் அவர் இறந்தபோது பெரும்பாலோர் மறந்தேவிட்டிருந்தார்கள்.

இவரை நினைத்தால் என் வாதமே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அறை இருந்தது, பணம் இருந்தது, கணவனுக்காக அடுப்பூதும் வேலையும் இல்லை. இல்லாமல் போனது, "அடுத்தது என்ன எழுதுறீங்க?" என்று கேட்க ஒரு நாலு பேர். நகுலனுக்கு அது இருந்தது. கோல்ஃப் லிங்க்ஸ் சாலையிலிருந்த அவர் வீட்டைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து இளைஞர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் அது இருந்தது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் ஓவியர்களைக் குடியேற்றினார். பத்திக் துணி விற்ற காசில் வாங்கிய நிலம் அது. அங்கே கடலைவிடப் பெரிய வசதி, பக்கத்து வீட்டிலும் ஒருவர் வரைந்துகொண்டிருந்தார் என்பது. அந்தப் பணிக்கரின் படங்களுக்கென்றே திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. முகாம் முடிந்து திரும்புகிற வழியில் போய்ப் பார்த்தேன். 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் அலையோ படகோ தேடினால் கிடைக்காது. எழுத்தும் கணக்கும் ஜாதகக் கட்டமும்தான்.

எங்கள் முகாமில் எனக்கு மிச்சமானதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த பேச்சுத்தான். அந்த மதுரை ஆசிரியை என் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அந்த அம்மா பாத்திரம் ஏன் எப்போதும் நல்லவளாகவே இருக்கிறாள் என்று கேட்டார். வீட்டில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. நாவல் முடியவில்லை. அந்த அம்மாவை மட்டும் கொஞ்சம் கெட்டவளாக்கியிருக்கிறேன்.

முகாம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடல் பார்த்த அறைக்கு நீங்கள் கொடுக்கிற வாடகையில் பாதி இருந்தால், ஊருக்குள் ஒரு சாதாரண வீட்டில் இரண்டு மடங்கு பேரை உட்காரவைக்கலாம். சமைக்கிறவருக்கு நல்ல கூலி கொடுத்து, மதியத்தோடு வீட்டுக்கு அனுப்பலாம்; இரவுக் கஞ்சியை நாங்களே முறைபோட்டு வைத்துக்கொள்கிறோம், ஆண்களும் சேர்த்து. வந்து போனவர்களை மாதம் ஒருமுறையாவது கூப்பிட்டு, எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தில், குழந்தையோடு வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். இதுவரை பேரே கேள்விப்படாத எத்தனை பெண்களிடமிருந்து படிவம் வருகிறது என்று அப்புறம் பாருங்கள்.