பக்கத்து இலை யாருடையது?

காலை வேளை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியோசை எழத் தொடங்கிவிட்டது. தெருமுனையிலே ஒரு சிற்றுண்டிச் சாலை. நீண்ட மேசை ஒன்று. அதன்முன் விசிப்பலகை ஒன்று. குழித்தறியை விட்டு எழுந்து வந்த நெசவாளி, பட்டு வாங்க வந்த வெளியூர் வணிகர், வரதராசப் பெருமாளைக் காண வந்த பக்தர், லாரி ஓட்டுநர் ஆகிய நால்வரும் ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கின்றனர். நால்வர் முன்னும் இலை. நான்கு இலையிலும் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் இட்லி. பரிமாறுபவர், "இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார். "நீர் எந்தக் குலம்?" என்று கேட்கவில்லை.

கண்டோம், களித்தோம். களிப்போடு ஓர் ஐயமும் பிறந்தது. இந்நால்வரும் சமமாகிவிட்டனரா? அல்லது, ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறியாததால் சேர்ந்து உண்கின்றனரா?

இந்த விசிப்பலகை எளிதில் கிடைத்ததன்று, தோழர்களே! சேரன்மாதேவி குருகுலத்தை எண்ணிப் பாருங்கள். நாட்டுப்பற்றை வளர்க்கவென்று பொதுமக்கள் பணத்தில் நடந்த கல்விக்கூடம். அங்கே பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி! 1925-இல் தமிழகமே அதுகண்டு கொதித்தது. அதே ஆண்டு நவம்பரில், இதே காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்படவே, பெரியார் அக்கட்சியைத் துறந்து வெளியேறினார். புகைவண்டி நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்த பிரிவினை 1941-இல்தான் ஒழிந்தது.

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. சாதியைக் காட்டி எவரையும் கடையிலோ பொது உணவு விடுதியிலோ தடுத்தல் கூடாது என்று அதன் 15-ஆம் பிரிவு ஆணையிட்டது. ஆயினும் 1957-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்ற, மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அதன்பின்னரே அச்சொல் அகன்றது. தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை விதித்த 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னும், சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சேரி மக்களுக்கென்று தனிக்குவளை தொங்கிய கொடுமையை நாடறியும்.

கடல் கடந்தும் இதே வழக்குத்தான். அமெரிக்காவில், கிரீன்சுபரோ நகரிலே, 1960 பிப்ரவரி முதல் நாள், நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேடைமுன் அமர்ந்து காபி கேட்டனர். மறுத்தனர். மாணவர் எழவில்லை, கடை மூடும்வரை அமர்ந்திருந்தனர். மறுநாளும் வந்தனர், மேலும் பலரோடு. அவ்வாண்டு சூலையிலே அம்மேடை அனைவருக்கும் திறந்தது.

அங்கே வேற்றுமை தோலிலே தெரிந்தது. ஆகவே, கறுப்பரின் பக்கத்தில் அமர்ந்த வெள்ளையர், அறிந்தே அமர்ந்தார். இங்கோ சாதி முகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. நகரத்துக் கூட்டத்திலே நாலணாவோ நாற்பது ரூபாயோ கொடுத்தவருக்கு இலை விழுகிறது. பக்கத்து இலை யாருடையது என்று தெரியாதவரையில் பந்தி அமைதியாக நடக்கிறது. தெரிந்துவிட்டால்?

"அறியாமல் உண்டாலும் உண்டது உண்டதுதானே! பழக்கம் மனத்தை மாற்றாதா?" என்று கேட்பர் சிலர். நியாயமான கேள்வி. தீட்டு என்று அஞ்சிய எத்தனையோ பேர், உணவு விடுதியில் உண்டு, உடலும் உயிரும் குன்றாமல் வீடு திரும்பினர். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாத வேலையை அந்த விசிப்பலகை செய்தது. மறுக்கவில்லை. ஆனால், அதே மனிதர் வீடு திரும்பியதும் என்ன செய்கிறார்? விடுதியில் எவர் சமைத்ததென்று கேளாமல் உண்டவர், தம் வீட்டு வாசலில் நிற்பவருக்கு எந்தக் குவளையில் தண்ணீர் தருவதென்று யோசிக்கிறார்! பட்டுச்சேலையை எவர் கை நெய்ததென்று கேளாமல் மணமேடையில் உடுத்துகிறோம். பந்திக்கு அழைக்கும்போது மட்டும் குலம் விசாரிக்கிறோம்!

விடுதியின் சமத்துவம் காசு தந்த சமத்துவம். காசில்லாதவருக்கு அதுவும் இல்லை. சட்டமோ கடைவாசல் வரை வருகிறது; நம் வீட்டு அடுப்பங்கரைக்குள் வந்து இலை போடச் சொல்ல அதனால் இயலாது. அந்த இடத்தில் சட்டம் நாமே.

ஆகவே, பகுத்தறிவு பேசும் இளைஞர்களே, "நான் எல்லோருடனும் விடுதியில் உண்கிறேன்" என்று நாம் பெருமைப்படுவதற்குமுன் ஒரு கணக்குப் பார்ப்போம். சென்ற ஓராண்டில், இன்னார் என்று நன்கறிந்து, அறிந்ததனாலேயே விரும்பி, எத்தனை பேரை நம் வீட்டுப் பந்தியில் அமர்த்தினோம்? எத்தனை பேர் வீட்டுக்குச் சென்று அவர் இட்டதை உண்டோம்? சமைத்த தாயும் மனைவியும் அந்தப் பந்தியில் நம்மோடு அமர்ந்தனரா, அல்லது எல்லோரும் எழுந்தபின் மிஞ்சியதை உண்டனரா?

காஞ்சிப் பட்டின் கோர்வையைக் கண்டிருப்பீர்கள். உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டும் தனித்தனி நாடாவில் ஓடி, இழைக்கு இழை கோத்துக்கொள்கின்றன. எந்த நிறமும் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஆயினும் சேலை ஒன்றே!

யார் என்று மறைத்துக் கிடைக்கும் இடம், இரவல் இடம். யார் என்று அறிந்தும் நகர்ந்து கொடுக்கும் இடமே உரிமை இடம். விசிப்பலகை பாதி வழி வந்துவிட்டது. மீதிப் பாதி நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இன்றே ஓர் இலை கூடுதலாகப் போடுவோம்!