ஒற்றன் யாருடைய ஆள்?

சிவாஜி ரசிகர்களின் வரலாற்றில் தேவகோட்டைக்குத் தனி இடம் உண்டு. ஊர் ஊராகக் கிடந்த ரசிகர் மன்றங்களை அகில இந்திய அமைப்பாகத் திரட்டித் தலைமை தாங்கியவரும், 'சிவாஜி ரசிகன்' இதழை நடத்தியவரும் இந்த ஊர்க்காரரான சின்ன அண்ணாமலைதான். 1942 ஆகஸ்ட் புரட்சியின்போது வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து மேடையில் பேசியதற்காகக் கைதாகித் திருவாடானைச் சிறையில் அடைக்கப்பட்டவரும் அவர்தான். தேவகோட்டைச் சீமை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு போய், பட்டப்பகலில் அந்தச் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டு வந்தார்கள். அந்த நாட்களில்தான் தேவகோட்டை நீதிமன்றமும் தீக்கு இரையானது. போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஊரில் ஒரு சாலைக்குத் தியாகிகள் சாலை என்று பெயர் இருப்பது சும்மா இல்லை.

அந்தக் காலத்துத் தேவகோட்டையில் 'சி.ஐ.டி.' என்றால் யார்? கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்று யார் என்ன பேசினார்கள் என்று குறிப்பெடுப்பவன். காங்கிரஸ்காரர் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று பார்ப்பவன். அவனைக் கண்டால் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஊர்க் கொட்டகையில் சி.ஐ.டி. அதிகாரி திரையில் தோன்றியதும் விசில் பறந்தது. இடையில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள, சிவாஜி கணேசன் நடித்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 1954 ஏப்ரல் 13ஆம் தேதி வெளியான 'அந்த நாள்'. மற்றொன்று, 1972 குடியரசு தினத்தன்று வெளியான 'ராஜா'. இரண்டிலும் அவர் வெளியே ஒருவராகவும் உள்ளே வேறொருவராகவும் வாழ்கிறார். ஒன்றில் மறைத்து வைத்திருப்பது துரோகம். மற்றதில் மறைத்து வைத்திருப்பது கடமை.

'அந்த நாள்' படத்தை எடுத்தவர் நம் பக்கத்து மனிதர், காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளைப் போட்டு 'நாம் இருவர்' எடுத்தவர், பிறகு சென்னைக்குப் போய் நிலைத்தவர். இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். கதை வசனம் எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. நாயகன் முதல் காட்சியிலேயே துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்து சாகிறான். 'பராசக்தி' வந்து ஒன்றரை வருஷமே ஆகியிருந்த நேரத்தில், சிவாஜியைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முதலில் காட்டப்பட்டது அவருடைய சாவு.

1943 அக்டோபர் 11 இரவு ஜப்பானிய விமானம் சென்னைமேல் குண்டு போட்டது வரலாற்றில் நடந்தது. அதை ஒட்டித்தான் படத்தின் கதை தொடங்குகிறது. செத்தவன் ராஜன், வானொலிப் பொறியாளன். மனைவி உஷா, தம்பி, தம்பி மனைவி, அடுத்த வீட்டுக்காரர், காதலி என்று ஒவ்வொருவரிடமும் விசாரணை நடக்கிறது. ஒவ்வொருவர் வாயிலும் ராஜன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறான். முடிவில் உண்மை வெளியே வருகிறது. ஏழைக்கும் எட்டும் விலையில் வானொலிப் பெட்டி செய்யலாம் என்று அவன் கண்டுபிடித்ததை ஆதரிக்க இங்கே ஆள் இல்லை. அந்தக் கசப்பு முற்றி அவன் ஜப்பானுக்கு உளவாளியாகிவிட்டான். தடுத்து நிறுத்தப் பார்த்த உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து அவன் செத்தான். பண்டரிபாய் நடித்த அந்த உஷா, தாலியைவிடத் தேசம் பெரிது என்று நிற்கிறாள்.

படம் நமக்கு உண்டாக்கும் மனவேதனை உண்மையானது. ஒரு தேசம் தன் அறிவாளியை அலட்சியப்படுத்தினால் அவன் என்ன ஆவான் என்று அது கேட்கிறது. கேட்டுவிட்டு, அதற்காக அவனை மன்னிக்கவும் மறுக்கிறது. ஒற்றனுக்குள் ஒரு மனிதன் இருப்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தமிழ்ப் படம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அதிகம் இல்லை.

ஆனாலும் அந்தப் படம் ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டது. கதை நடக்கும் காலத்துக்கு ஒரு மாதம் முன்பு, 1943 செப்டம்பர் 10ஆம் தேதி, அதே சென்னையில் சிறைக்குள் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங். பினாங்கில் பயிற்சி பெற்று, இந்தியாவுக்குள் வேலை செய்ய அனுப்பப்பட்டவர்கள். காதர் வந்து இறங்கியது ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில். அன்றைய சட்டப்படி அவர்கள் எதிரியின் ஒற்றர்கள். இன்று அவர்கள் சுதந்திரத் தியாகிகள். கதை தொடங்கும் நாளுக்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 21ஆம் தேதி, சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆணும் பெண்ணுமாக அவர் படையில் சேர்ந்தார்கள். அந்தப் படையும் ஜப்பான் பக்கம்தான் நின்றது.

ராஜனுக்குக் கசப்பைக் காரணமாகக் கொடுத்ததால் உஷாவின் கைத்துப்பாக்கிக்கு நியாயம் எளிதாகக் கிடைத்துவிட்டது. காதருக்கு இருந்த காரணத்தைக் கொடுத்திருந்தால்? சுதந்திரத்துக்காக ஜப்பானோடு சேர்ந்தேன் என்று ராஜன் சொல்லியிருந்தால், 1954இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் உஷாவின் பக்கம் அவ்வளவு சுலபமாகச் சாய்ந்திருக்க மாட்டார்கள். உஷா காப்பாற்றியது இந்தியாவை. ஆனால் அன்று அந்த இந்தியாவை ஆண்டவன், தேவகோட்டையில் சுட்டவன். இந்த முடிச்சை அவிழ்க்கப் படம் துணியவில்லை.

தேவகோட்டை அடங்கிய செட்டிநாட்டு ஜனங்களின் மனசுக்குள் இந்த முடிச்சின் இரண்டு இழையும் இருந்தன. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு, காடும் மலையும் நடந்து ஊர் வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். வழியிலேயே மாண்டவர்களும் உண்டு. சில மாதங்களில் ஊருக்குள் போலீஸ் துப்பாக்கி. ஒரே வருஷத்தில் ஜப்பான்காரனிடமும் வெள்ளைக்காரனிடமும் இழந்த ஜனங்களிடம் போய், எதிரி யார், துரோகி யார் என்று கேட்டிருந்தால் ஒற்றை வார்த்தையில் பதில் வந்திருக்காது.

'ராஜா'வுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இந்தியில் 1970இல் வந்த 'ஜானி மேரா நாம்' படத்தைத் தமிழாக்கி, கே. பாலாஜி தயாரிக்க, சி.வி. ராஜேந்திரன் இயக்கினார். எம்.எஸ். விஸ்வநாதன் இசை, ஜெயலலிதா நாயகி. போலீஸ்காரர் ஒருவரின் பிள்ளைகள் சிறு வயதில் பிரிகிறார்கள். ஒருவன் கடத்தல் கும்பலில் வளர்கிறான். மற்றவன் சி.ஐ.டி. அதிகாரியாகி, திருடன் வேஷத்தில் அதே கும்பலுக்குள் நுழைகிறான். அரசு நம்முடைய அரசு, போலீஸ் நம்முடைய போலீஸ், கெட்டவன் கடத்தல்காரன். வங்கதேசப் போர் முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரம். நாட்டுக்காக ஒருவன் வேஷம் போடுகிறான் என்றால் கூட்டத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் படத்திலும் ஒரு காட்சி நெஞ்சில் தைக்கும். அவன் யார் என்று கும்பலுக்குச் சந்தேகம் வருகிறது. அவனைப் பெற்றவளைக் கொண்டுவந்து அவன் கண்ணெதிரிலேயே அடிக்கிறார்கள். அம்மா என்று ஒரு சொல் வாயில் வந்தால் எல்லாம் கெட்டது. சிவாஜி சிரிக்கிறார். வாய் சிரிக்க, கண்ணும் கன்னச் சதையும் அழுகின்றன. முகத்தின் மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் எதிரெதிராக ஓட்டக்கூடிய நடிகர் அவர் ஒருவர்தான். தன் சொந்த ரத்தத்தைத் தெரியாததுபோல் நடிப்பதுதான் உளவு வேலையின் விலை என்பதை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறது. ஆனால் படம் அந்த விலையோடு தங்கி நிற்பதில்லை. கும்பல் பிடிபடுகிறது, குடும்பம் சேர்கிறது, கணக்கு நேராகிவிடுகிறது.

இரண்டு படத்திலும் ஒருத்தி துன்பப்படுகிறாள். 'அந்த நாள்' உஷா தன் கணவனைத் தீர்ப்பிடுகிறாள், அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு மிச்ச வாழ்நாளைக் கழிக்கப் போகிறாள். 'ராஜா'வின் தாய் அடி வாங்குகிறாள், மகன் வெற்றி பெறுகிறான். முதல் படத்தில் உளவு என்பது வீட்டுக்குள் நடக்கும் அழிவு. இரண்டாவதில் அது வீரத்துக்கு ஒரு வேஷம். பதினெட்டு வருஷத்தில் தமிழ் சினிமா தொழில்நுட்பத்தில் எவ்வளவோ முன்னேறியது. ஒற்றன் யாருடைய ஆள் என்ற கேள்வியை மட்டும் வழியில் விட்டுவிட்டது. பிறகு வந்த உளவுப் படங்கள் பெரும்பாலும் 'ராஜா' போட்ட பாதையில்தான் போயின. கடத்தல்காரன் இடத்தில் ஏவுகணைத் திருடன் வந்தான், பயங்கரவாதி வந்தான். நாயகன் பக்கம் இருக்கும் அரசு மட்டும் எப்போதும் சரியாகவே இருந்தது.

அரசு நம்முடையதாகிவிட்டது என்பது உண்மை. அதற்காகத்தான் திருவாடானைச் சிறைக் கதவை உடைத்தார்கள். ஆனால் அரசு நம்முடையதாக இருப்பதாலேயே அது யாரைப் பின்தொடர்கிறது, யார் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று கேட்கும் உரிமை நமக்குக் கூடுதலாக வருகிறது. சுதந்திரத்துக்கு முன் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வி தானாக வந்தது, ஏனென்றால் குறிப்பெடுக்கப்பட்டது அவர்களுடைய பேச்சு. திரையில் குறிப்பெடுப்பவன் நாயகனான பிறகு அந்தக் கேள்வி நம்மிடமிருந்து நழுவிவிட்டது.

நடிப்பின் வீச்சுக்காக 'ராஜா'வைப் பாருங்கள், தவறில்லை. ஆனால் 'அந்த நாள்'தான் பெரிய படம். அது கேட்காமல் விட்ட கேள்வியையும் சேர்த்துக் கேட்கும் உளவுப் படம், காதரையும் உஷாவையும் ஒரே கதைக்குள் நிறுத்தி இருவருக்கும் நியாயம் செய்யும் படம், தமிழில் இனிமேல்தான் வர வேண்டும். எடுக்கத் துணிகிற இளைஞர்கள் 1942இன் தேவகோட்டையிலிருந்து தொடங்கட்டும்.