வாகனமும் வரையறையும்

புதுவையில் கல்லூரியில் பயிலும் நம் சமூகத்து இளைஞர் ஒருவர், கடன் பெற்றுக் கார் வாங்க விரும்பினார். "தவணையைத் தந்தையார் செலுத்துவார். எவருக்கும் தீங்கில்லாத இச்செயலில் அறத்திற்கு என்ன இழுக்கு?" என்று என்னை வினவினார். நேர்மையான வினா, விடையும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு வாகனத்தை விலக்கவில்லை. ஐந்தாம் அணுவிரதமாகிய மிகுபொருள் விரும்பாமை, பொருளே கூடாது என்பதன்று. அளவு வரைந்து கொள்க என்பதே. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்குரிய குற்றங்கள் ஐந்தனுள் அதிவாகனத்தை முதலாவதாக வைத்தார். பேராசையால் மாடு முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல் என்பது அதற்குரிய பழைய விளக்கம். தேவைக்கு மிஞ்சி வாகனம் வைத்திருத்தல் என்றும் கொள்வர். இன்று அந்த மாட்டின் இடத்தில் நிற்பவர் யார்? தவணை கட்டும் தந்தை அல்லரோ!

கணக்கைப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில், 5 ஆண்டுத் தவணைக்குப் பெற்றால் மாதந்தோறும் ஏறத்தாழ 10,600 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் சுமார் 1,37,000 ரூபாய். தவணை குறையட்டும் என்று 7 ஆண்டுகளாக நீட்டினால் மாதத்திற்கு 8,300 ரூபாய்; வட்டியோ 1,97,000 ரூபாயாக உயரும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடிந்த பின்னும் கடன் முடியாது. பெட்ரோல், காப்பீடு, பழுதுச் செலவு ஆகியவை தனி. பதிவுச் சான்றிதழில் அடமானக் குறிப்பு நீங்கும் வரை வண்டி முழுவதும் நம்முடையதாகாது. ஆனால் பற்று முதல் நாளே முழுவதும் நம்முடையதாகிவிடும். பற்றே பரிக்கிரகம் என்பதன்றோ தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து!

நோயுற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், முதியோரை மேல்சித்தாமூருக்கு அழைத்துச் சென்று தரிசனம் செய்விக்கவும் கார் உதவும், அது தேவை. நண்பர் வாங்கினார் என்பது தேவையன்று. ஆகவே கடைக்குச் செல்லுமுன் அளவை எழுதிக்கொள்ளுதல் நன்று. ஆசை எழுந்தபின் வரையும் அளவு, ஆசையின் அளவாகவே இருக்கும்.

நாள், பட்சம், மாதம், இருது, அயனம் எனக் காலம் குறித்து நுகர்ச்சியைக் குறைக்கும் நியமத்தையும் அந்நூல் கூறுகிறது. குறைக்கத்தக்கவற்றுள் வாகனமும் ஒன்று. புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு இடமில்லை. அதனால் எவரும் எதையும் இழந்துவிடவில்லை. நடந்து காற்று வாங்குகின்றனர். ஊர் தனக்கு இட்டுக்கொண்ட வரையறை அது.

ஆதலின் அவ்விளைஞரிடம் நான் கூறியது இதுவே: ஓர் அயனம், அதாவது ஆறு மாதம், மிதிவண்டியிலும் பேருந்திலும் செல்லுங்கள். தவணைக்குரிய தொகையைத் தந்தையார் மாதந்தோறும் தனியே எடுத்து வைக்கட்டும். வீட்டில் எச்செலவு சுருங்குகிறது, எவர் முகம் வாடுகிறது என்று கவனியுங்கள். எவர்க்கும் வருத்தமில்லையெனில், கையிலுள்ள 63,600 ரூபாயோடு அளவான வண்டியை வாங்குங்கள். வருத்தமுண்டெனில், கடன்படாமலே உண்மை தெரிந்துவிடும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மக்கள் கேட்டதை மறுப்பதோ கொடுப்பதோ அன்று, வீட்டு வருவாயின் அளவை அவர்களுக்கு மறைக்காமல் காட்டுவதே நம் முதற்கடன்.