பசித்தவர் முன்னே



தயையைப் பற்றியும் பக்தியைப் பற்றியும் வேதாந்த விசாரமாக விரித்துரைக்க வல்ல வித்வான்கள் இந்தச் சபையிலேயே பலர் அமர்ந்திருக்கிறார்கள். நானோ, 1867-ஆம் ஆண்டு வைகாசி மாதம் 11-ஆம் தேதி வடலூரிலே மூட்டப்பட்டதே ஓர் அடுப்பு, அதன் அருகிலேயே நின்றுகொண்டு பேச விரும்புகிறேன். பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த 80 காணி நிலத்திலே, இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய அன்று ஏற்றிய அந்த நெருப்பு, தலைமுறை தலைமுறையாக அணையாமல் காக்கப்பட்டு, இன்றும் வந்தவர்க்கெல்லாம் உலை கொதிக்கச் செய்துகொண்டிருக்கிறது. அவரே அங்கே நிறுவிய சத்திய ஞான சபையில் ஜோதி வழிபாடு தொடங்கியது 1872-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில்தான். ஜோதி தரிசனத்துக்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்பே பந்தி போடப்பட்டுவிட்டது என்பதை நாம் சாதாரணமாக எண்ணிவிடலாகாது. அந்த மகானுடைய கிரமம் அது.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்று அவர் எழுதிய வசன நூலிலே, பசி ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதை, நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப்போல அங்கம் அங்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கண் குழிவதும், காது அடைப்பதும், நாக்கு வறள்வதும் மாத்திரமல்ல. அறிவு மயங்கி, அந்த அறிவுக்குள் விளங்கும் கடவுள் விளக்கமும் மறைந்துபோகிறது என்கிறார். பசியைத் தீர்த்தவுடனே அந்த விளக்கம் திரும்பி, முகத்திலே ஒரு களை வருகிறதே, அதைக் கடவுளுடைய பிரகாசமாகவே அவர் கண்டார். கோயிலுக்குள்ளே கற்பூர ஆரத்தியில் நாம் தேடுகிற தரிசனத்தை, ஒரு கவளம் உள்ளே இறங்கிய ஏழையின் முகத்திலே தேடச் சொன்ன துணிவு எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது.

அந்தச் சாலைப் பந்தியிலே கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். பல் அத்தனையும் போன முதியவர் ஒருவர், பரிமாறிய சோற்றைத் தொடாமல் விரலால் அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ரசவாளியோடு வந்த இளைஞன் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து, அவர் இலையிலே இன்னும் இரண்டு கரண்டி ரசம் விட்டு, தன் கையாலேயே சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்துவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தான். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் ஊர், குலம், சமயம் எதையும் ஒருவரும் விசாரிக்கவில்லை. புலால் விஷயத்திலே வள்ளலார் எவ்வளவு கண்டிப்பானவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் புலால் உண்பவனும் பசித்து வந்தால், அவன் பசியை மட்டுமாவது தீர்த்தே ஆகவேண்டும் என்று விதித்தவரும் அவரே. எல்லா ஜீவர்களும் ஒரே கடவுளால் ஆக்கப்பட்டவர்கள். ஆதலால் அவர்கள் உடன்பிறந்தார். உடன்பிறந்தான் வருந்தும்போது உள்ளம் உருகுவது பழைய உறவுரிமை என்பது அவர் காட்டிய நியாயம். பரிமாறிய அந்தப் பிள்ளை அந்த நூலைப் படித்திருந்தானோ இல்லையோ, அவன் கைக்கு அந்த உறவு தெரிந்திருந்தது.

"அவனவன் வினையை அவனவன் அனுபவிக்கிறான், நாம் குறுக்கே போகலாமா?" என்று கேட்கும் ஆஸ்திகர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொடிய குற்றம் செய்து சிறையில் கிடப்பவனுக்கும் அரசன் வேளாவேளைக்கு ஆகாரம் கொடுக்கச் சொல்லுகிறானே என்று வள்ளலார் அதற்கு விடை சொன்னார். தண்டனை வேறு, பட்டினி வேறு. இந்த விடையின் கனம், அவர் 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி மேட்டுக்குப்பத்திலே அறைக்குள் புகுந்து திருக்கதவம் சாத்திக்கொண்டு மறைந்த பிறகு, இரண்டே ஆண்டுகளில் வந்த தாது வருஷப் பஞ்சத்தை நினைத்தால்தான் விளங்கும். சென்னை ராஜதானியிலே ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த 1877-ஆம் ஆண்டில், இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலையிலே நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், அந்த அளவு உயிரைத் தாங்காது என்று எதிர்த்து வாதாடிய பின்னரே அது சற்று உயர்த்தப்பட்டது. எளிதாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற பயம் அக்கால அதிகாரிகள் பலருக்கு இருந்தது. பசித்தவனைப் பரீட்சை செய்த பிறகே சோறு போடுவது என்ற அந்த மனோபாவம் கச்சேரி மேஜைகளோடு ஒழிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நம் வீட்டு வாசற்படியிலும் அது நின்றுகொண்டிருக்கிறது.

விசுவாசம் என்பதையும் இந்த இடத்திலேதான் நான் வைத்துப் பார்க்கிறேன். நாளைக்கு அரிசி எங்கிருந்து வரும் என்று நிச்சயமில்லாத சாலையிலே இன்றைக்கு உலையேற்றுகிறவனுக்கு இருக்கும் நம்பிக்கை, ஆயிரம் நாமாவளி சொல்லுகிறவனுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. யாரோ ஒருவர் மூட்டை கொண்டுவந்து இறக்குவார் என்று அவன் நம்புகிறான். இறக்குகிறவரோ, முகமறியாத யாரோ ஒருவர் அதை உண்பார் என்று நம்புகிறார்.

பசியாற்றும் இந்தப் பணிக்காகச் சம்சாரிகள் வீடு வாசலை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. தன் குடும்பத்தாரைப் பட்டினி போட்டுவிட்டு அயலார் பசியை நீக்கப் புறப்படுவது ஈசுவரனுக்குச் சம்மதமில்லை என்றும் வள்ளலாரே எழுதியிருக்கிறார். "சாப்பிட்டாயா?" என்று ஒருவரையொருவர் கேட்பது நம் நாட்டு வழக்கம், பதிலுக்குக் காத்திராமலே கேட்டுவிட்டுப் போகிறோம். விடியற்காலையில் தன் வீட்டு அடுப்பை மூட்டாமலே உங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்க ஓடிவருகிற அம்மாள் ஒருத்தி இருப்பாள். நாளைக் காலையில் பாத்திரத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால், அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, அவள் சொல்லும் பதிலை நின்று கேளுங்கள். இல்லை என்று அவள் தலையசைத்தால், வேலை சற்றுப் பொறுக்கட்டும், முதலில் இலையைப் போடுங்கள்.