யாருடைய வினை?

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோயில். அக்கா, அவளுடைய ஏழு வயது மகன், நான் மூன்று பேரும் போயிருந்தோம். தீபாராதனைக்கு மேள மெஷினைப் போட்டார்கள். மணியும் முரசும் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தன. அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். தூக்கப் போன அக்காவின் கையைக் கடித்தான்.

பின்னால் இருந்து ஒரு குரல்: "என்ன புள்ள வளர்க்கிறாங்களோ!" இன்னொரு குரல் மெதுவாக, இரக்கத்தோடுதான்: "போன ஜென்மத்துப் பாவம், பாவம் அந்தப் பொண்ணு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு எட்டு தள்ளிப் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். தனியாக வந்தவன் மாதிரி. என்னோடு படித்த பசங்க சிலர் அங்கே இருந்தார்கள். வெட்கமாக இருந்தது.

அவனுக்குக் காது குத்தியது என் மடியில். தாய்மாமன் மடி. அன்றைக்குப் பட்டு வேட்டி கட்டி, எல்லார் முன்னாலும் பெருமையாக உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

அந்த மாலை தப்பு செய்தது யார்? கத்திய பிள்ளையா, அடக்காத தாயா, பேசியவர்களா, தள்ளி நின்ற நானா? இந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையைப் பற்றி. அவனுக்கு ஆட்டிசம். அது தொற்று நோய் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை. மூளை வளரும் விதமே வேறு. நமக்குச் சாதாரணமாகத் தெரியும் சத்தம், வெளிச்சம், சட்டைக் காலரில் உரசும் துணி, கடைசி நேரத்தில் மாறும் திட்டம், இதெல்லாம் அவனுக்குத் தாங்க முடியாததாகிவிடும். அடம் வேறு, தாங்க முடியாமை வேறு. மிட்டாய்க்காக அடம் பிடிக்கும் பிள்ளை இடையில் ஒரு கண்ணால் நம்மைப் பார்க்கும். மிட்டாய் கிடைத்தால் அழுகை நின்றுவிடும். தாங்க முடியாமல் கத்தும் பிள்ளை யாரையும் பார்ப்பதில்லை. எதைக் கொடுத்தாலும் உடனே நிற்பதில்லை. அதை அடி போட்டு நிறுத்த நினைப்பது, காய்ச்சலில் நடுங்கும் பிள்ளையை "நடுங்காதே" என்று மிரட்டுவது மாதிரி.

அக்கா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். சிகிச்சை நிலையத்தில் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஒவ்வொரு தடவை அவன் கத்தும்போதும் மூன்று விஷயம் எழுதுவாள்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் அலறுவான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஐந்து வாரம் எழுதிய பிறகுதான் பிடிபட்டது. செவ்வாய்க்கிழமை எங்கள் தாமானில் பாசார் மாலாம். ரோட்டை அடைத்துவிடுவார்கள், கார் வேறு வழியாகச் சுற்றி வரும். வழக்கமான வழி காணாமல் போனதைத்தான் அவன் அலறிச் சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சு அதிகம் வராத பிள்ளை வேறு எப்படிச் சொல்வான்?

இப்போது செவ்வாய்க்கிழமை கிளம்பும் முன்பே ஒரு படத்தைக் காட்டுவாள். "இன்னிக்கு இந்த வழி." சில நாள் சரியாக வரும், சில நாள் வராது. நகம் வெட்டுவது தூங்கும்போது. ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும்: "செருப்பு." அவன் போட்ட பிறகு, "கார்." சாப்பாடு பெரும்பாலும் வெள்ளைச் சோறும் பொரித்த முட்டையும்தான். "வேற குடுத்துப் பழக்கு" என்று சொல்லாத உறவினர் இல்லை. சொன்னவர் யாரும் ஒரு வேளை ஊட்டிப் பார்த்ததில்லை.

அக்காவைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. ஒரு ராத்திரி, மூன்றாவது நாளாகத் தூக்கமில்லை, அவனை அடித்துவிட்டாள். பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "டேய், நான் கெட்ட அம்மாவாடா?" என்று கேட்டாள். அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் பொறுமையை நாம் தாயின் குணம் என்று மட்டும் நினைக்கிறோம். மூன்று நாள் தூங்காதவளிடம் பொறுமை எங்கிருந்து வரும்? அந்த மூன்று ராத்திரியும் நான் அடுத்த அறையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை அடித்ததில் என் பங்கும் உண்டு.

தாயைக் குறை சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 1943இல் பதினொரு பிள்ளைகளைக் கவனித்து ஆட்டிசம் பற்றி எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், தாய்க்குப் பாசம் இல்லாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று படித்தவர்களே நம்பினார்கள். அந்தத் தாய்மாரைக் குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன், 1964இல் புத்தகம் எழுதி அதை மறுத்தார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு, மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டியது. அறிவியல் தன் தப்பைத் திருத்திக்கொண்டது. நாம்?

"போன ஜென்மத்துப் பாவம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். வினை நம் சமயத்தின் அடிப்படை, அதை நான் தள்ளிவிடவில்லை. சைவ சித்தாந்த வகுப்பில் வினை மூன்று வகை என்று படித்திருப்பீர்கள்: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இப்போது செய்து சேர்க்கும் ஆகாமியம். அடுத்தவருடைய பிராரத்தத்தைக் கணக்குப் பார்க்கும் ஏடு நம் யார் கையிலும் இல்லை. அது இருப்பதாக நினைத்துப் பேசுவது பக்தி இல்லை, ஆணவம். என் கையில் இருப்பது என் ஆகாமியம் ஒன்றுதான். அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை எந்த வினையும் செய்யவில்லை. வலித்தது, கத்தினான். வினை செய்தது பேசியவர்கள். தள்ளி நின்ற நானும்தான். வினைக் கொள்கை நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்க வந்தது. அதை அடுத்தவர் பக்கம் திருப்பிவிட்டு நாம் சும்மா நிற்கிறோம்.

திருக்குறளில் 58ஆவது அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். இன்று அந்தச் சொல்லுக்குப் 'பார்வைக் கோணம்' என்று பொருள் கொள்கிறோம். வள்ளுவர் சொல்லும் கண்ணோட்டம் இரக்கம். ஒருவரைப் பார்க்கும் கண்ணில் இரக்கம் ஓட வேண்டும். அன்று கோயிலில் நிறைய கண்கள் இருந்தன.

தம்பி தங்கைகளே, நம்மால் செய்ய முடிந்தது பெரிய காரியம் இல்லை. கோயிலில் ஒரு பிள்ளை விழுந்து கத்தினால், சுற்றி நிற்காதீர்கள். அந்த அம்மாவின் பையையும் செருப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், வழி விடுங்கள், "என்ன செய்யணும்க்கா?" என்று கேளுங்கள். உங்கள் மன்றத்து நிகழ்ச்சியில் மேளம் எப்போது, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அமைதியான ஓர் அறையை ஒதுக்கி வையுங்கள். உறவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், பெற்றவர்கள் தூங்கட்டும். சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டைக்குப் பதிய வெட்கப்படும் குடும்பம் இன்னும் இருக்கிறது. கூடப் போய் பாரம் நிரப்பிக் கொடுங்கள்.

இப்போது நாங்கள் வெள்ளிக்கிழமை மாலை நடை திறந்ததுமே போய்விடுகிறோம், கூட்டமும் மேளமும் வருவதற்கு முன்னால். காதில் சத்தம் தடுக்கும் ஹெட்போன் போட்டுக்கொண்டு அவன் நவக்கிரகத்தைச் சுற்றுவான். சரியாக ஒன்பது சுற்று. நடுவில் யாராவது குறுக்கே வந்து நிறுத்திவிட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து. போன வாரம் மூன்று தடவை ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். நானும் பின்னாலேயே சுற்றினேன். ஒரு பெரியவர் நின்று எங்களை உற்றுப் பார்த்தார்.

"என் அக்கா மகன் ஐயா," என்றேன். "ஒன்பது முடியட்டும், கொஞ்சம் வழி விடுங்க."

அவர் ஒதுங்கி நின்றார்.